இல்லத்தில் எழுந்தருளும் அன்னை

(வல்லத்திராக்கோட்டையில் நவராத்திரி வழிபாட்டின்போது ஆற்றிய சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

உலகனைத்தையும் ஈன்று காக்கும் பராசக்தியை ஒன்பது இரவுகளும் போற்றி வழிபடும் இந்த நன்னாளில், "இல்லத்தில் அம்மன் திருவுருவம் வைத்து வழிபடலாமா?" என்னும் பொருள் பற்றிப் பேச எண்ணுகிறேன். இது நானாகத் தேர்ந்த பொருள் அன்று. ஒரு தாயார் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் கேட்ட அன்று என்னால் உடனே விடை கூற இயலவில்லை. அந்தக் கேள்வியை முதலில் உங்கள் முன் வைக்கிறேன்.

ஒரு தாயாரின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன், வெள்ளிக்கிழமை விளக்கு வழிபாடு நிறைவுற்ற பின்னர், எண்பது வயதை நெருங்கிய தாயார் ஒருவர் என்னிடம் வந்தார். அவர் கையில் மஞ்சள் துணியால் மூடிய ஒரு பொருள் இருந்தது. துணியை விலக்கிக் காட்டினார். ஒரு சாண் உயரமுள்ள ஐம்பொன் அம்மன் திருவுருவம். ஒரு கை அபயம் காட்ட, மறு கையில் மலர் ஏந்தி நின்றாள் அன்னை.

இரங்கூனில் கணக்கெழுதிப் பொருள் ஈட்டித் திரும்பிய மாமனார், சுவாமிமலையில் சொல்லிச் செய்வித்த திருமேனி அது என்று அத்தாயார் கூறினார். மாமியார் காலத்திற்குப் பின், அறுபது ஆண்டுகளாக அவரே விளக்கேற்றி வருகிறார். கணவர் மறைந்துவிட்டார். மூத்த மகன் சிங்கப்பூரில். இளைய மகன் சென்னையில். "அடுக்குமாடி வீட்டில் ஆசாரம் காக்க முடியாது. ஒருநாள் பூசை தவறினாலும் குடும்பத்திற்கு ஆகாது என்கிறார்கள், எங்களுக்கு அச்சமாக இருக்கிறது" என்று மருமகள்கள் இருவரும் சொல்லிவிட்டார்கள். அக்கம்பக்கத்தார், கோயில் மரத்தடியில் வைத்துவிடுமாறு சொன்னார்கள். எங்கிருந்தோ வந்த ஒருவர், நல்ல விலை தருவதாகச் சொல்லி இருமுறை வீட்டு வாசலில் வந்து நின்றார்.

பேரக் குழந்தைக்குச் சென்னையில் காதணி விழா. அதற்குக்கூட அத்தாயார் செல்லவில்லை. விளக்கேற்ற ஆள் இல்லையே என்று பத்து ஆண்டுகளாக ஓர் இரவும் அவர் வெளியூரில் தங்கியதில்லை.

"ஐயா, நான் கண்மூடிய பிறகு இவளுக்கு யார் விளக்கு வைப்பார்கள்?" என்று கேட்டார். அவர் குரலில் அச்சம் இல்லை. தாயில்லாப் பெண்ணை விட்டுப் பிரிவோரின் கவலையே இருந்தது.

அன்பர்களே, இந்தக் கவலை இன்று அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைகள் கடல் கடந்து சென்ற நம் மாவட்டத்தில் எத்தனையோ இல்லங்களின் கவலை இது. ஆகவே இதற்கு நம் முன்னோர் என்ன வழி வகுத்துள்ளனர் என்று பார்ப்போம்.

கோயில் வழிபாடும் இல்ல வழிபாடும்

நம் ஆகமங்கள் வழிபாட்டை இருவகையாகப் பிரிக்கின்றன. ஒன்று பரார்த்த பூசை. உலக நன்மைக்காகத் திருக்கோயிலில் நடைபெறுவது. மற்றொன்று ஆன்மார்த்த பூசை. ஒருவர் தம் உயிர் நலத்திற்காகத் தம் இல்லத்தில் செய்வது.

திருக்கோயிலில் நிலையாக எழுந்தருளிய மூலத்திருமேனிக்கு மந்திரங்களால் உயிர்நிலை ஊட்டிக் குடமுழுக்குச் செய்கிறார்கள். அங்கே காலம் தவறாத பூசை நடைபெற வேண்டும். அதற்கென நிலமும், மானியமும், பரிவாரமும், பணியாளரும் அமைத்து வைத்தனர் மன்னர்களும் ஊராரும்.

இல்ல வழிபாட்டின் முறை வேறு. பூசை தொடங்கும்போது நம் நெஞ்சத் தாமரையில் வீற்றிருக்கும் அன்னையை அந்தத் திருவுருவில் எழுந்தருளுமாறு வேண்டுகிறோம். இதற்கு ஆவாகனம் என்று பெயர். நீரும் மலரும் அமுதும் படைத்து வணங்குகிறோம். நிறைவில், "தாயே, மீண்டும் என் நெஞ்சில் எழுந்தருள்க" என்று வேண்டிக்கொள்கிறோம். அன்னை வந்த இடம் நம் உள்ளம். அவள் திரும்பிச் செல்லும் இடமும் நம் உள்ளமே.

இதை உணர்ந்தால் பாதி அச்சம் நீங்கிவிடும். நீங்கள் ஊருக்குச் செல்லும் நாளில் அவள் பூட்டிய வீட்டில் பசித்துக் கிடப்பதில்லை. உங்களுடனேயே பேருந்தில் வருகிறாள். காதணி விழாவிலும் உங்கள் நெஞ்சில் இருக்கிறாள்.

எந்த அளவு? எந்த வடிவம்?

இல்லத்தில் வைக்கும் திருவுருவின் அளவு பற்றி மச்ச புராணம் தெளிவாகக் கூறுகிறது. கட்டைவிரலின் ஒரு கணு அளவு தொடங்கி ஒரு சாண் வரையில் இருக்கலாம். அதற்கு மேற்பட்ட உயரம் வீட்டிற்கு ஏற்றதன்று என்பது அதன் கருத்து. இக்காலத்தில் சிலர் மூன்றடி, நான்கடி உயரத் திருமேனிகளை வரவேற்பறையில் அழகுக்காக நிறுத்துகின்றனர். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றாடம் நீராட்டவும், துடைக்கவும், ஆடை மாற்றவும் இயலுமா? குழந்தையைத் தூக்குவதுபோல் இரு கைகளால் எடுக்கக்கூடிய அளவே வீட்டிற்கு உரிய அளவு என்று எளிமையாக நினைவிற் கொள்ளுங்கள்.

வடிவத்தைப் பொறுத்தவரை, அபயமும் வரதமும் காட்டும் அமைதித் திருக்கோலமே இல்லத்திற்கு ஏற்றது என்பது மரபு. "அப்படியானால் காளியும் பிடாரியும் தீயவர்களா?" என்று கேட்கலாம். அல்லவே அல்லர். ஊர் எல்லையில் நின்று நோயையும் பகையையும் தடுப்பது அவர்கள் ஏற்றுக்கொண்ட பணி. காவல் நிற்பவரை அடுக்களைக்கு அழைப்பதில்லை. அவர்களை நாம் சென்று வணங்குகிறோம், பொங்கல் வைக்கிறோம், திரும்பி வருகிறோம். அவரவர்க்கு உரிய இடத்தை அவரவர்க்கு அளிப்பதும் வழிபாடே.

எந்தப் பொருளால் செய்யலாம்? கல், மரம், உலோகம், மண் அல்லது சந்தனம் போன்ற பூச்சு, ஓவியம், மணல், மணி, மனம் என எண்வகைத் திருவுருவங்களைப் பாகவதம் கூறுகிறது. பொன்னும் ஐம்பொன்னும் உடையவர்க்கு மட்டும் அன்னை உரியவள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே, மணலையும் மனத்தையும் அதே வரிசையில் சேர்த்து வைத்தார்கள் போலும்! இவ்விரண்டிற்கும் நம் புதுக்கோட்டைச் சீமையிலேயே சான்றுகள் உள்ளன.

அரசர் வணங்கிய மணல்

1738ஆம் ஆண்டு. நம் பகுதியிலுள்ள திருவரங்குளம் அக்காலத்தில் அடர்ந்த காட்டுப் பகுதி. அங்கே அவதூதராகத் திரிந்த சதாசிவப் பிரம்மேந்திரரைத் தொண்டைமான் மன்னர் விசய ரகுநாதராயர் கண்டு பணிந்தார். பிரம்மேந்திரர் மௌன விரதம் பூண்டவர். வாய் திறந்து உபதேசம் செய்யவில்லை. தரையில் இருந்த மணலில் விரலால் மந்திரத்தை எழுதிக் காட்டினார்.

மன்னர் அந்த எழுத்துக்களை மனத்தில் வாங்கிக்கொண்டதோடு நில்லாமல், அம்மணலைத் தம் மேலாடையில் அள்ளி முடிந்து அரண்மனைக்குக் கொண்டு சென்றார். அந்த மணல் அரண்மனையில் வைத்துப் பூசிக்கப்பட்டு வந்தது. நாட்டையே ஆண்ட மன்னர், விரும்பியிருந்தால் பொன்னால் திருவுருவம் செய்திருக்கலாம். ஆனால் தம் இல்லத்திற்கு அவர் கொண்டு சென்றது ஒரு மடி மணல்.

அரைக்காசு அம்மன்

திருக்கோகர்ணத்தில் எழுந்தருளியிருக்கும் பிரகதாம்பாள் தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். மன்னர்கள் தம்மைப் 'பிரகதாம்பாள் தாசர்' என்றே குறித்துக்கொண்டனர். நாடு அன்னையுடையது, தாம் அவளுடைய அடியவர் என்பது அதன் பொருள்.

பிரம்மேந்திரரின் அருளுரைக்குப் பின்னரே புதுக்கோட்டையில் நவராத்திரி விழா சிறப்பாக நடைபெறத் தொடங்கியது என்றும், அம்மன் காசு அச்சிடப்பட்டது என்றும் மரபுச் செய்தி கூறுகிறது. செம்பினாலான மிகச் சிறிய காசு அது. ஒரு புறம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள். மறுபுறம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்னும் சொல். நவராத்திரிக் காலத்தில் மக்களுக்கு அரிசியுடன் இந்தக் காசும் வழங்கப்பட்டது. பிரகதாம்பாளுக்கு 'அரைக்காசு அம்மன்' என்ற பெயர் இதனால் வந்தது என்பர். 1948ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் புதுக்கோட்டைத் தனியரசு இந்திய நாட்டுடன் இணைந்தது. காசின் செலாவணி முடிந்தது. அன்னையின் பெயர் முடியவில்லை. இன்றும் பொருள் தொலைந்தால் அரைக்காசு அம்மனை நினைத்து வேண்டிக்கொள்வதும், கிடைத்தவுடன் வெல்லம் வைத்து வணங்குவதும் தமிழகம் முழுவதும் உள்ள வழக்கம்.

அன்பர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். சிற்பிக்குக் கூலி கொடுத்துத் திருவுருவம் செய்ய வசதியற்ற ஏழைக் குடியானவர் வீட்டிற்கும், அரிசியோடு அரிசியாக, ஒரு விரல்நுனி அளவில் அன்னையின் திருவுருவம் சென்று சேர்ந்தது! இல்லத்தில் அம்மன் திருவுருவம் வைக்கலாமா என்ற கேள்விக்கு நம் சீமை எப்போதோ விடை சொல்லிவிட்டது.

என் தாயாரிடம் அத்தகைய காசு ஒன்று இருந்தது. மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்திருப்பார். வெள்ளிக்கிழமைதோறும் எடுத்துக் கழுவிக் குங்குமம் இட்டு, ஒரு பூ வைத்து வணங்கிவிட்டு மீண்டும் அரிசிக்குள் வைத்துவிடுவார். அவ்வளவுதான் பூசை. ஆண்டுக்கணக்காகக் கைபட்டு அன்னையின் முகம் தேய்ந்து மழுங்கிவிட்டது. "முகமே தெரியவில்லையே அம்மா" என்று சிறுவயதில் கேட்டேன். "நமக்கு அவள் முகம் தெரியாவிட்டால் என்ன, அவளுக்கு நம் கை தெரியும்" என்றார். பானையில் அரிசி குறைந்த நாட்களும் உண்டு. அந்நாட்களில் காசு பானையின் அடியில் கிடக்கும். அப்போதும் அவர் வெள்ளிக்கிழமையை விட்டதில்லை.

திருவுருவமே இல்லாவிட்டால்?

சிலர், "எங்கள் வீட்டில் அம்மன் திருவுருவம் இல்லையே, குறையாகுமா?" என்று வருந்துகின்றனர். அவர்கள் ஒருமுறை ஆவுடையார்கோயிலுக்குச் சென்று வருவது நல்லது. மாணிக்கவாசகரோடு தொடர்புடைய அத்திருத்தலத்தில் ஆன்மநாதருக்கு இலிங்கத் திருமேனி இல்லை. ஆவுடையார் மட்டுமே உண்டு. சிவயோகாம்பிகை சந்நிதியிலும் அம்மனுக்குத் திருவுருவம் கிடையாது. பீடத்தில் திருவடிகளே வழிபடப்படுகின்றன. பலகணி வழியே நோக்கி வணங்க வேண்டும். சிற்ப அழகால் உலகப் புகழ் பெற்ற கோயில் அது. வேண்டிய உருவத்தை வேண்டியவாறு செதுக்கவல்ல சிற்பிகள் இருந்தும், கருவறையை உருவமின்றி விட்டார்களே, ஏன்? உருவம் நமக்காக, அவளுக்காக அன்று என்பதை உணர்த்தவே.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டாம். உங்கள் வீட்டுக் காமாட்சி விளக்கைப் பாருங்கள். மணமகளாகப் புகுந்த வீட்டிற்கு வந்த நாளில் ஏந்தி வந்த விளக்கு. அதன் சுடரிலேயே அன்னை இருக்கிறாள். மாரியம்மன் திருவிழாவில் முளைப்பாரி வளர்க்கிறீர்கள். மண்பாத்திரத்தில் தூவிய நவதானியம் முளைத்து வளரும் நாட்களெல்லாம் அதனை அம்மனாகவே கருதி நோன்பு காத்து, கும்மி கொட்டுகிறீர்கள். பின்னர் தலையில் சுமந்து சென்று நீரில் சேர்த்துவிடுகிறீர்கள். சேர்க்கும்போது கண் கலங்குகிறதே தவிர, யாரும் அஞ்சுவதில்லை. குடும்பத்தில் கன்னியாக மறைந்த பெண்ணைத் தெய்வமாக எண்ணி, பேழையில் புதுச்சேலை வைத்துப் படைக்கும் இல்லங்களும் இங்கு உண்டு. அங்கேயும் உருவம் இல்லை.

ஆகவே, திருவுருவம் இல்லாதவர் வருந்த வேண்டா. இருப்பவர் அஞ்ச வேண்டா.

பூசை தவறினால் தீங்கு வருமா?

இதுவே பலரும் கேட்கும் கேள்வி. தெளிவாகச் சொல்கிறேன். நோய் காரணமாகவோ, பயணம் காரணமாகவோ, வீட்டில் நேர்ந்த துக்கம் காரணமாகவோ வழிபாடு தடைப்பட்டால் அன்னை தண்டிப்பாள் என்று அஞ்சுவது அவளுடைய தாய்மையை அறியாமையால் வருவது. பெற்ற தாய், பிள்ளை ஒருவேளை சோறு கொடுக்க மறந்ததற்காகச் சாபமிடுவாளா?

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அடியேன் கடமை தவறியவன் ஆவேன். தண்டிக்க மாட்டாள் என்பதற்காகத் தாயைப் பட்டினி போடலாமா? ஆர்வத்தில் வாங்கி, அலமாரியின் மேல் வைத்து, தூசி படிய விட்டு, பின்னர் வீடு மாறும்போது பாரமாகக் கருதும் நிலையை இன்று காண்கிறோம். திருக்கோயில் மரத்தடிகளில் கண்ணாடி உடைந்த படங்களும், கை ஒடிந்த பொம்மைகளும், நல்ல நிலையிலுள்ள திருவுருவங்களும் குவிந்து கிடக்கின்றன. கடவுளைக் கோயிலில் சேர்த்துவிட்டோம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் முதியோரைப் பேருந்து நிலையத்தில் விட்டுச் செல்வோர் செய்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

அதனால் வாங்குவதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: "நாளும் ஒரு விளக்கு, ஒரு மலர், வீட்டில் சமைத்ததில் ஒரு கைப்பிடி. இது என்னால் இயலுமா?" இயலும் என்றால் தாராளமாக எழுந்தருளச் செய்யுங்கள். ஆகம முறைப்படி விரிவான பூசை செய்வதற்குத் தீக்கை வேண்டும். ஆனால் விளக்கேற்றி மலரிட்டு வணங்குவதற்கு ஆண், பெண், குலம், கல்வி என்னும் எந்த வேறுபாடும் இல்லை. வெளியூர் செல்லும் நாளில், "தாயே, சென்று வருகிறேன்" என்று விடைபெற்றுச் செல்லுங்கள். சென்ற இடத்தில் மனத்தால் வணங்குங்கள். திருநின்றவூரில் பூசலார் நாயனார் மனத்தினாலேயே கோயில் கட்டினார். காஞ்சியில் மன்னன் கட்டிய கற்றளியைவிட இறைவன் அதனையே முதன்மையாக ஏற்றருளினார் என்று பெரியபுராணம் கூறுகிறதே!

பழுதுற்ற திருவுருவங்களை என்ன செய்வது?

மண்ணாலான திருவுருவம் உடைந்தால், வணங்கி விடைபெற்று, நீரிலோ தூய இடத்து மண்ணிலோ சேர்த்துவிடலாம். வண்ணப்பூச்சு இல்லாத வெறும் களிமண்ணாக இருந்தால் மட்டுமே நீர்நிலையில் சேர்க்க வேண்டும். சுட்டிச் சுண்ணப் பொம்மைகளைக் கண்மாயில் போட்டு, ஊர் குடிக்கும் நீரைக் கெடுப்பது அன்னைக்கு உவப்பாகாது. உலோகத் திருமேனி பழுதுற்றால் தபதியிடம் கொடுத்துச் சீர்செய்யலாம்; இயலாவிடில் உருக்கிப் புதிதாக வார்க்கலாம். படங்களாக இருந்தால் சட்டத்தையும் கண்ணாடியையும் நீக்கிவிட்டுத் தாளை மட்டும் தூய மண்ணில் புதைக்கலாம்.

இதற்கும் நம் ஊர்ப்புறமே வழிகாட்டுகிறது. புரவி எடுப்பு விழாவில் வேளார் செய்த மண் குதிரைகளுக்குக் கண் திறந்து, தோளில் சுமந்து, அய்யனார் கோயிலில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். அதன்பின் வெயிலும் மழையும் அவற்றைக் கரைக்கின்றன. மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்குச் செல்கிறது. அடுத்த விழாவிற்குப் புதிய குதிரை வருகிறது.

வெள்ளிக்கிழமைகளில் நீராட்டிய பின் மெல்லிய பருத்தித் துணியால் ஈரம் போகத் துடைத்தல் வேண்டும். பளபளப்பு வேண்டி முரட்டு நாரால் தேய்ப்பவர்கள் உண்டு. காலப்போக்கில் அன்னையின் கண்ணும் இதழும் அழிந்துவிடும். பக்தியிலும் மென்மை வேண்டும்.

விற்பனைப் பொருள் அல்லள் அன்னை

அந்தத் தாயாரிடம் விலை பேச வந்தவரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அது குறித்தும் சில சொற்கள்.

காசியில் கங்கைக் கரையில் இருந்த ஓர் அன்னபூரணி. 17 சென்டிமீட்டர் உயரமே உள்ள கல் திருவுருவம். ஒரு கையில் பாயசக் கிண்ணம். மறு கையில் கரண்டி. ஏறத்தாழ 1913ஆம் ஆண்டு கனடா நாட்டுக் கலைப்பொருள் சேகரிப்பாளர் ஒருவர் வசம் அது சென்றது. அவர் மறைவுக்குப் பின், அங்குள்ள ரெஜினா நகரின் கலைக்கூடத்துத் தொகுப்பில் சேர்ந்தது. உலகிற்கெல்லாம் சோறிடும் தாய், நூறாண்டுக்கு மேலாக ஒரு பருக்கைகூடப் படைப்பார் இன்றி இருந்தாள். முறைகேடாக எடுத்துச் செல்லப்பட்டது தெரியவந்த பின்னர், அந்நாட்டுப் பல்கலைக்கழகம் அதனைத் திருப்பி அளித்தது. 2021ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் காசி விசுவநாதர் ஆலயத்தில் மீண்டும் அன்னபூரணி எழுந்தருளினாள்.

எனவே, பழைமையான திருமேனி என்று யாரேனும் விற்க வந்தால் வாங்காதீர்கள். எந்த ஊர்க் கோயிலின் கருவறை அதனால் வெறுமையாயிற்றோ, நாம் அறியோம். நூறாண்டுக்கு மேற்பட்ட திருமேனி பரம்பரையாக உங்கள் இல்லத்தில் இருந்தால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அதனைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நிலத்தை உழும்போதோ, கிணறு வெட்டும்போதோ, வீட்டிற்கு அடித்தளம் தோண்டும்போதோ திருவுருவம் கிடைத்தால், "அம்மன் என் நிலத்தில் வந்தாள், எனக்கே உரியவள்" என்று இல்லத்தில் வைத்துக்கொள்ளலாகாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் வேண்டும். சட்டத்திற்கு அஞ்சி மட்டும் அன்று. ஓர் ஊர் முழுவதற்கும் தாயாக இருந்தவளை ஒரு வீட்டிற்குள் அடைப்பது முறையாகாது என்பதற்காகவும்.

இல்லத் திருமேனியைக் கோயிலுக்கு அளிக்க விரும்புவோர், இரவில் மரத்தடியில் வைத்துவிட்டுச் செல்லாமல், கோயில் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் தெரிவித்து, அவர்கள் இசைந்தால் நேரில் ஒப்படைத்து ஒப்புகை பெறுதல் நன்று.

அத்தாயாருக்கு அளித்த விடை

இவற்றையெல்லாம் ஒரே நாளில் அவரிடம் நான் கூறவில்லை. முதலில் ஒன்று மட்டும் சொன்னேன். "அம்மா, அடுத்த முறை பேரனைப் பார்க்கச் சென்னைக்குச் சென்று வாருங்கள். புறப்படும்போது அவளிடம் சொல்லிக்கொண்டு செல்லுங்கள்." நீண்ட நேரம் தயங்கினார். பின்பு மூன்று நாட்கள் சென்று வந்தார். திரும்பி வந்து கதவைத் திறந்தவுடன், "வந்துவிட்டேன் அம்மா" என்று தம்மை அறியாமல் சொன்னாராம். பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது அப்படிச் சொல்லிக்கொண்டு நுழைந்த வழக்கம், பல ஆண்டுகளுக்குப் பின் தம் நாவிற்கு வந்ததாகக் கூறினார்.

இரண்டாவதாக, மருமகள்களிடம் ஆசார விதிகளைச் சொல்லி அச்சுறுத்த வேண்டா என்றும், தாம் செய்வதைச் சும்மா பார்க்கவிடுமாறும் கூறினேன். அடுத்த நவராத்திரிக்கு மூத்த மருமகள் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். ஒன்பது நாளும் மாமியார் அருகில் அமர்ந்திருந்தார். எட்டாம் நாள், "இவ்வளவுதானா அத்தை?" என்று கேட்டாராம். "இவ்வளவுதான். ஒரு விளக்கு, ஒரு பூ, நீ சமைத்ததில் ஒரு கைப்பிடி" என்றார் மாமியார். ஒன்பதாம் நாள் மருமகளே விளக்கேற்றினார்.

அந்த ஆண்டே அவர் அம்மனைத் தம்முடன் கொண்டு சென்றார் என்று சொன்னால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை. "பார்க்கலாம் அத்தை" என்று மட்டுமே சொல்லிச் சென்றிருக்கிறார். திருமேனி இன்றும் அத்தாயாரின் வீட்டில்தான் இருக்கிறது. விலை கேட்டு வந்தவரை மட்டும் மூன்றாம் முறை வாசலோடு அனுப்பிவிட்டார். தமக்குப் பின் யாரிடம் சேர வேண்டும், யாரும் ஏற்காவிடில் எந்தக் கோயிலில் ஒப்படைக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் அறிய ஒரு தாளில் எழுதித் திருமேனியின் பீடத்தடியில் வைத்திருக்கிறார்.

நேற்று முன்தினம் அவரைக் கண்டேன். "இப்போதும் கவலை இருக்கிறதா அம்மா?" என்று கேட்டேன். "கவலை இருக்கிறது ஐயா. பெண்ணைப் பெற்றவர்களுக்கு இருக்காதா? பயம்தான் போய்விட்டது" என்றார்.

மெய்யன்பர்களே! இதையே நம் அனைவருக்கும் உரிய விடையாகக் கொள்வோம். இல்லத்தில் அன்னையின் திருவுருவை வைத்து வழிபடலாம். சிறிதாக, அமைதித் திருக்கோலமாக, நம்மால் பேண இயலும் அளவில் வைப்போம். இயன்றதைத் தவறாது செய்வோம். இயலாத நாளில் மனத்தால் வணங்குவோம். பழுதுற்றால் முறைப்படி விடைகொடுப்போம். நமக்குப் பின் அவளைப் பேணுவது யார் என்பதையும், நம் மக்களுக்கு இப்போதே அருகில் அமர்த்திக் காட்டுவோம். அச்சத்தை அவர்களுக்குச் சொத்தாக வைத்துச் செல்லாமல், அன்பை வைத்துச் செல்வோம்.

இன்று இரவு வீடு திரும்பியதும் உங்கள் இல்லத்து விளக்கின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். பிள்ளைகளையும் அழைத்து அருகில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவே போதும்.

திருக்கோகர்ணத்தில் வீற்றிருக்கும் அருள்மிகு பிரகதாம்பாளின் திருவருள் உங்கள் இல்லந்தோறும் நிறைந்து விளங்குக என்று வேண்டி அமைகிறேன்.